டிஃப்யூஷன் ஃபில்டர் போட்டால் முகம் மென்மையாகுமா?

கேள்வி இதுதான்: புதிய கேமராவும் புதிய 50, 85 மி.மீ. லென்ஸ்களும் வந்த பிறகு, முகப்படங்களிலும் நேர்காணல் வீடியோக்களிலும் தோலின் ஒவ்வொரு துளையும் சுருக்கமும் அப்பட்டமாகத் தெரிகிறது. இதை மென்மையாக்க, லென்ஸுக்கு முன்னால் மாட்டி ஒளியைச் சிதறவைக்கும் கண்ணாடியான டிஃப்யூஷன் ஃபில்டர் வாங்கலாமா? வாங்கினால் எந்த வகை, எந்த எண்? இதையெல்லாம் எடிட்டிங்கிலேயே செய்துகொள்ள முடியாதா?

வாங்கலாம். ஆனால் இன்று பெரும்பாலானவர்கள் முதலில் வாங்கும் பிளாக் மிஸ்ட் வகை ஃபில்டர் தோல் துளைகளை மறைப்பதற்கென்று செய்யப்பட்டது அல்ல. அது முதலில் கைவைப்பது வெளிச்சத்தில்தான். தோலில் தெரியும் மாற்றம் அதன் பக்க விளைவு. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் எந்த வகை, எந்த எண், எப்போது கழற்றி வைப்பது என்பதெல்லாம் தானாகவே பிடிபட்டுவிடும். புரியாமல் வாங்கினால், துளைகள் அப்படியே இருக்க, படம் முழுக்க வெளிறிப்போனதுதான் மிச்சமாக இருக்கும்.

ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மிஸ்ட் ஃபில்டரின் கண்ணாடியில் மிக நுண்ணிய துகள்கள் பரவியிருக்கும். காட்சியின் ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் பெரும்பங்கு துகள்களுக்கு இடையே நேராகப் போய்விடுகிறது. அதனால்தான் ஃபில்டர் போட்டும் கண்ணிமை முடி கூர்மையாகவே பதிவாகிறது. மீதிச் சிறு பங்கு துகள்களில் பட்டுச் சிதறி, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவட்டமாக விழுகிறது. கூர்மையான ஒரு படம், அதன் மேல் மங்கலான இன்னொரு படம் என இரண்டும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன. ஃபோகஸ் தவறிய படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஃபோகஸ் தவறினால் கூர்மையான படமே இருக்காது. ஃபில்டர் போட்ட படத்தில் கண் துல்லியமாக ஃபோகஸில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மென்மை என்று யாரும் நினைக்கமாட்டார்கள், பிழை என்றுதான் நினைப்பார்கள்.

இந்தச் சிதறலால் மூன்று விளைவுகள் வருகின்றன. பிரகாசமான இடங்களைச் சுற்றி ஒளி கசிந்து பரவும். சிதறிய ஒளி இருட்டுப் பகுதிகளிலும் விழுவதால் கருப்பு சற்று வெளுத்து, கான்ட்ராஸ்ட் (இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு) குறையும். நுண்ணிய விவரங்களின் ஏற்ற இறக்கம் தணியும். ஒவ்வொரு ஃபில்டர் வகையும் இந்த மூன்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து தருகிறது. ஆக, உங்களுக்கு இந்த மூன்றில் எது வேண்டும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

விளக்கைச் சுற்றி, ஜன்னலைச் சுற்றி, பின்னொளி பட்ட கூந்தலின் விளிம்பில் ஒளி கசிய வேண்டும் என்றால் மிஸ்ட் வகை. டிஃபன் நிறுவனத்தின் ப்ரோ-மிஸ்ட், பிளாக் ப்ரோ-மிஸ்ட், கென்கோவின் பிளாக் மிஸ்ட், மொமென்ட் நிறுவனத்தின் சினிப்ளூம் எல்லாம் இந்தக் குடும்பம். இதில் வெள்ளை மிஸ்ட் என்றும் கருப்பு மிஸ்ட் என்றும் இரண்டு உண்டு. கருப்பு மிஸ்டில் ஒளியை உறிஞ்சும் கரும்புள்ளிகளும் சேர்ந்திருப்பதால் நிழல் பகுதி வெளுப்பது குறைவாக இருக்கும். ஒளிவட்டமும் அடக்கமாக வரும். வெள்ளை மிஸ்ட் இருட்டை நன்றாகவே தூக்கிவிடும். கனவுக்காட்சி, பழைய நினைவு போன்ற உணர்வு வேண்டுமென்றால் அது பொருந்தும்.

முகப்படத்துக்குப் பெரும்பாலும் கருப்பு மிஸ்டே நல்லது. கருமையான தோல் நிறம் கொண்டவரை எடுக்கும்போது இது கட்டாயம் என்றே சொல்வேன். வெள்ளை மிஸ்ட் நிழலைத் தூக்கும்போது ஆழமான தோல் நிறங்கள் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடுகின்றன. அந்த நிறத்தின் செழுமையே அதன் ஆழத்தில்தான் இருக்கிறது. அதை ஒரு ஃபில்டருக்காக இழப்பது சரியல்ல. எடிட்டிங்கில் கருப்பை மீண்டும் இறக்கலாம்தான், ஆனால் கம்ப்ரெஸ் செய்யப்பட்ட வீடியோவில் அப்படி இழுக்கும்போது நாய்ஸும் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) கூடவே வரும்.

உங்கள் உண்மையான குறை தோல் துளைகள் என்றால் பார்க்க வேண்டியது வேறு குடும்பம். டிஃபனின் சாஃப்ட்-எஃப்எக்ஸ், ஷ்னைடரின் கிளாசிக் சாஃப்ட், ஹாசல்பிளாட் கேமராக்களோடு பேர்பெற்ற ஸைஸ் சாஃப்டார் போன்றவை அது. இவற்றில் துகள்களுக்குப் பதில், கண்ணாடியின் பரப்பில் சின்னச் சின்னக் குழிகளோ வில்லை போன்ற புடைப்புகளோ இருக்கும். அவற்றின் வழியே போகும் ஒளி மட்டும் ஃபோகஸ் விலகி, கூர்மையான படத்தின் மேல் மெல்லிய மங்கலாகப் படிகிறது. மிஸ்ட் அளவுக்குக் கருப்பை வெளுக்க வைக்காமல் தோலின் நுண்விவரத்தைத் தணிக்கும் என்பது இவற்றின் பலம். எளிய ஒளியமைப்பில், அலங்காரமில்லாத பின்னணியில், ஒருவர் உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு மிஸ்டை விட இவையே பொருத்தம். பிரேமில் கசிவதற்குப் பிரகாசமான பொருள் எதுவும் இல்லாதபோது மிஸ்ட் போட்டு ஆவதில்லை. ஷ்னைடரின் ஹாலிவுட் பிளாக் மேஜிக் இரண்டு குணத்தையும் ஒரே கண்ணாடியில் சேர்த்தது: கிளாசிக் சாஃப்டும் மிஸ்ட் போன்ற மெல்லிய பிளாக் ஃப்ராஸ்டும் கலந்தது. முகத்தை மையமாக வைத்து வேலை செய்பவர்கள் அதை விரும்புவதில் வியப்பில்லை.

ஃபாக், லோ கான்ட்ராஸ்ட் என்ற பெயர்களில் வருபவை இருட்டை நன்றாக வெளுக்கச் செய்யும். முகத்துக்கு அவை அரிதாகத்தான் தேவைப்படும்.

இப்போது எண். டிஃபனும் ஷ்னைடரும் 1/8, 1/4, 1/2, 1, 2 என்று படிப்படியாகத் தருகிறார்கள். எண் கூடினால் விளைவும் கூடும். கென்கோவில் 05, 1 என்று இருக்கும். மொமென்ட் 5%, 10%, 20% என்று சொல்கிறது. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட வழியில்லை, ஏனென்றால் இதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரு வகைகளுக்கு இடையிலும் 1/4 என்பது ஒன்றாக இருக்காது. அதனால் "நண்பர் 1/4 போடுகிறார், நானும் 1/4 போடுகிறேன்" என்று வாங்குவதில் அர்த்தமில்லை. அவர் எந்தத் தயாரிப்பு, எந்த லென்ஸில் போடுகிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

அந்த லென்ஸ் விஷயம் இன்னும் முக்கியம். பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். ஃபில்டர் ஒளியைச் சிதறடிப்பது ஒரு கோணத்தில். அந்தக் கோணம் எந்த லென்ஸ் மாட்டினாலும் மாறாது. ஆனால் 85 மி.மீ. லென்ஸ் பார்க்கும் மொத்தக் கோணமே குறுகலானது, 24 மி.மீ. லென்ஸ் பார்ப்பது மிக அகலமானது. ஆகவே அதே ஒளிவட்டம் 85 மி.மீ. படத்தில் பிரேமின் பெரிய பங்கை நிரப்பும். 24 மி.மீ. படத்தில் விளக்கோடு ஒட்டிச் சுருங்கிவிடும். அகல லென்ஸில் 1/4 போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று நினைப்பவர், அதே ஃபில்டரை 85 போன்ற டெலி லென்ஸில் மாட்டியதும் மூடுபனிக்குள் நின்று எடுத்ததுபோல் வருகிறது என்பார். என் கணக்கு இப்படி: 24 முதல் 35 மி.மீ. வரை 1/4, 50 முதல் 85 வரை 1/8, அதற்கு மேல் போனால் 1/8-ஐக்கூட யோசித்துத்தான் போடுவேன்.

சென்சார் அளவு இந்தக் கணக்கை மாற்றுமா என்று கேட்பார்கள். பிரேமில் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் முக்கியம். முழுப்பிரேம் கேமராவில் 50 மி.மீ. காட்டும் அதே காட்சியை அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் ஏறக்குறைய 33 மி.மீ. காட்டும். இரண்டிலும் ஒளிவட்டம் பிரேமின் அதே பங்கைத்தான் பிடிக்கும். எனவே மேலே சொன்ன எண்களை முழுப்பிரேம் கணக்காக எடுத்துக்கொண்டு, உங்கள் சென்சாருக்கு ஏற்ற சம அளவைப் பார்த்தால் போதும். போனில் கிளிப் போட்டு மாட்டும் ஃபில்டருக்கும் இதே விதிதான். போனின் முக்கிய லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. அளவிலான காட்சியைக் காட்டுவதால் அங்கே 1/8 கண்ணில் படுவதே கடினம்.

ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஷாட்டின் நடுவில் ஜூம் செய்தால், உள்ளே போகப் போக விளைவு கூடிக்கொண்டே வரும்.

அப்பர்ச்சரால், அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துளையின் அளவால், ஒளிவட்டத்தின் அகலம் பெரிதாக மாறாது. ஆனால் வேறு தொல்லை உண்டு. அகல லென்ஸில் எஃப்/11, எஃப்/16 என்று மூடிவைத்து, சூரியனோ விளக்கோ நேராக ஃபில்டரில் பட்டால் அந்தத் துகள்களே படத்தில் பொட்டுப்பொட்டாகத் தெரிய ஆரம்பிக்கும். பின்னணி விளக்குகள் ஃபோகஸ் விலகி வட்டங்களாக மாறும்போது அந்த வட்டங்களுக்குள்ளும் இந்தப் புள்ளிகள் தெரியலாம். வாங்கிய உடனே இதைச் சோதித்துவிடுங்கள். நல்ல ஃபில்டருக்கும் மலிவான ஃபில்டருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும்.

சரி, ஒளியமைப்புக்கு வருவோம். ஃபில்டரை விட இதுதான் முகத்தை அதிகம் மாற்றும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தோல் துளை தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு துளைக்கும் ஒரு சின்ன நிழல் விழுவது. சிறிய விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் அந்த நிழல் கறுத்து, விளிம்பு கூர்மையாகத் தெரியும். அதே விளக்கைப் பெரிய சாஃப்ட்பாக்ஸுக்குள் வைத்து, முகத்துக்கு அருகில் கொண்டுவந்து, கேமரா பக்கமாகச் சற்றுத் திருப்பினால் துளையின் நிழலை அந்த ஒளியே நிரப்பிவிடும். இந்த மாற்றத்தை எந்தக் கண்ணாடியாலும் தர முடியாது. இன்னொரு வழிக்குச் செலவே இல்லை: கேமராவின் பிக்சர் ப்ரொஃபைலில் ஷார்ப்னஸ் அல்லது டீட்டெயில் என்று ஒரு அளவு இருக்கும், அதைக் கீழே இறக்குங்கள். பல கேமராக்கள் வீடியோவில் விளிம்புகளைத் தாமாகவே கூர்மையாக்கித் தருகின்றன. நீங்கள் கடுமை என்று சொல்வதில் ஒரு பகுதி லென்ஸிலிருந்து வருவதே இல்லை, இந்தச் செயற்கைக் கூர்மையிலிருந்து வருகிறது. போன்களில் இது இன்னும் அதிகம். முதலில் ஷார்ப்னஸை இறக்கி, ஒளியைச் சரிசெய்து, ஃபில்டர் இல்லாமல் ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள். அதிலேயே பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

அதன் பிறகு ஃபில்டர் போடும்போது இன்னொரு கேள்வி வரும்: இந்த பிரேமில் எது கசியும்? மிஸ்ட் ஃபில்டர் பிரகாசமான இடங்களைத் தேடித்தேடிப் பெரிதாக்கும். பின்னொளி பட்ட கூந்தல், கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளி, பின்னால் எரியும் மேசை விளக்கு இதெல்லாம் அழகாகும். ஆனால் நெற்றியிலும் மூக்கின் நுனியிலும் எண்ணெய்ப்பசையால் வரும் பளபளப்பும் அதேபோல் பெரிதாகும். ஃபில்டர் இல்லாதபோது சின்ன வெள்ளைப் புள்ளியாக இருந்தது, இப்போது ஒரு திட்டாகப் பரவி நிற்கும். ஆகவே மிஸ்ட் போடும் நாளில் பவுடர் ஒத்தடம் கூடுதலாக வேண்டும், குறைவாக இல்லை. மூக்குக்கண்ணாடி அணிந்தவர் என்றால், கண்ணாடியில் பிரதிபலிக்கும் சாஃப்ட்பாக்ஸ் கண்களின் மேல் வெண்படலமாகப் படரும். விளக்கை உயர்த்தியோ கண்ணாடியின் கோணத்தைச் சற்றுத் தாழ்த்தியோ பிரதிபலிப்பை நீக்கிவிட்டுத்தான் ஃபில்டரை மாட்ட வேண்டும்.

வெள்ளைச் சுவருக்கு முன்னால், வெள்ளை உடையில் எடுக்கும் படங்களுக்கு மிஸ்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரேமில் பெரும்பகுதி வெள்ளை என்றால் எல்லாப் பக்கமிருந்தும் ஒளி கசிந்து முகத்தின் மேல் படிந்து, கன்னத்தின் விளிம்பே கரைந்துபோகும். இருட்டான பின்னணியில், ஓரிரு பிரகாசமான புள்ளிகளோடு இருக்கும் பிரேமில்தான் மிஸ்டின் முழு அழகும் வெளிப்படும்.

பிரேமுக்கு வெளியே இருக்கும் விளக்கையும் மறந்துவிடக் கூடாது. கேமராவின் பார்வையில் இல்லாவிட்டாலும், பின்னொளி நேராக ஃபில்டர் கண்ணாடியில் விழுந்தால் அங்குள்ள துகள்கள் எல்லாம் ஒளிர்ந்து படம் முழுக்க மூட்டம் போட்டுவிடும். லென்ஸ் ஹுட், மேட் பாக்ஸ், அல்லது ஒரு கருப்பு அட்டை எதையாவது வைத்து அந்த ஒளி கண்ணாடியில் படாமல் மறையுங்கள். ஃபில்டரைத் திட்டுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

எடிட்டிங்கில் செய்ய முடியாதா என்ற கேள்விக்கு நேரான பதில்: ஒரு பகுதி முடியும், ஒரு பகுதி முடியாது. தோலின் நுண்விவரத்தைத் தணிப்பது எடிட்டிங்கில் நன்றாகவே முடியும். லைட்ரூம் மென்பொருளில் டெக்ஸ்சரையும் கிளாரிட்டியையும் கீழே இறக்கலாம், வீடியோவுக்கான டாவின்சி ரிசால்வில் மிட்டோன் டீட்டெயிலைக் குறைக்கலாம். அதுவும் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, கண்ணையும் உதட்டையும் விட்டுவிட்டுச் செய்யலாம். ஃபில்டரால் அப்படித் தேர்ந்தெடுத்துச் செய்ய முடியாது. எனவே துளைகள்தான் பிரச்சினை, தனிப்படங்கள்தான் வேலை என்றால் நீங்கள் ஃபில்டரே வாங்காமல் இருக்கலாம்.

ஒளிக்கசிவு வேறு கதை. ஒரு விளக்கு, சென்சார் பதிவு செய்யக்கூடிய உச்ச வெள்ளையை விட 6 ஸ்டாப் அதிகப் பிரகாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு, அதாவது மொத்தம் 64 மடங்கு. சென்சாரில் அது வெறும் வெள்ளையாகத்தான் பதிவாகும். ஒரு வெள்ளைத்தாளும் அந்த விளக்கும் கோப்பில் ஒரே மதிப்பில் நிற்கும். எடிட்டிங்கில் க்ளோ என்ற ஒளிக்கசிவைப் போடும்போது மென்பொருளுக்குத் தெரிவது அந்த ஒரு மடங்கு மட்டுமே, அதனால் தாளையும் விளக்கையும் ஒரே மாதிரி ஒளிரவைக்கும். ஃபில்டரோ சென்சாருக்கு முன்னால் நிற்பதால் உண்மையான 64 மடங்கிலிருந்து ஒரு பங்கை எடுத்துப் பரப்புகிறது. விளக்கு பளீரென்று கசியும், தாள் அடங்கியிருக்கும். நம் கண் நிஜமென்று ஏற்றுக்கொள்வது இந்த வேறுபாட்டைத்தான். அதிக ஒளிவிவரத்தைக் காக்கும் ரா, லாக் போன்ற பதிவு முறைகளில் எடுத்து, ஹைலைட் (மிகப் பிரகாசமான பகுதி) வெட்டுப்படாமல் பாதுகாத்து, லீனியர் ஒளிக்கணக்கில் (உண்மையான ஒளி அளவுக்கு நேர் விகிதத்தில்) க்ளோ போட்டால் ஓரளவு நெருங்கலாம். ஹைலைட் வெட்டுப்பட்ட, நிறப் படிகள் குறைவான சாதாரண 8 பிட் கோப்பில் அது நடக்காது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எடிட்டிங்கில் போட்ட க்ளோவைப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். கண்ணாடி வழியே பதிவானதை எடுக்க முடியாது. வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில், அவர் இந்தத் தோற்றத்தைக் கேட்கவில்லை என்றால் மெல்லிய எண்ணோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 1/8 போட்டு எடுத்ததைப் பிறகு எடிட்டிங்கில் கூட்டிக்கொள்ளலாம், 1 போட்டு எடுத்ததைக் குறைக்க வழியில்லை. கிரீன் ஸ்கிரீன் வேலை என்றால் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். பச்சை ஒளி கூந்தலுக்குள்ளும் தோள்விளிம்பிலும் கசிந்து, பச்சையை நீக்கிக் கீ எடுப்பவரின் வேலையைப் பல மடங்காக்கும். கலவை முடிந்த பிறகு மொத்தப் படத்துக்கும் சேர்த்து எடிட்டிங்கில் டிஃப்யூஷன் கொடுப்பதுதான் அங்கே சரி.

வீடியோவுக்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன. நிழற்படத்தில் ஒவ்வொன்றும் தனித்தனி. வீடியோவில் ஷாட்டுகள் அடுத்தடுத்து ஒட்டப்படுகின்றன. 35 மி.மீ. அகல ஷாட்டிலும் 85 மி.மீ. க்ளோஸப்பிலும் ஒரே 1/4 போட்டு எடுத்து ஒட்டினால், க்ளோஸப் வரும்போதெல்லாம் யாரோ திரை போட்டதுபோல் இருக்கும். அகல ஷாட்டுக்கு 1/4, க்ளோஸப்புக்கு 1/8 என்று ஒரு படி இறக்கினால் இரண்டும் ஒத்துப்போகும். இரண்டு கேமரா நேர்காணலுக்கு இதனாலேயே இரண்டு எண் தேவைப்படும். ஒரு கேமராவில் மட்டும் ஃபில்டர் போடுவது எப்போதும் தெரிந்துவிடும்.

ஷாட்டின் நடுவில் கேமரா நகர்ந்து பிரகாசமான ஜன்னல் பிரேமுக்குள் வந்தால், முகத்தின் கான்ட்ராஸ்ட் கண்ணெதிரே மாறும். சில காட்சிகளுக்கு அது உயிர் கொடுக்கும். நேர்காணலுக்கு அது இடைஞ்சல். இருட்டுச் சுவரில் மெல்லப் பரவும் ஒளிவட்டம் 8 பிட் பதிவில் படிப்படியாகக் கோடுபோட்டுத் தெரியும் வாய்ப்பும் உண்டு, அதனால் கேமராவில் 10 பிட் இருந்தால் அதையே போடுங்கள். எக்ஸ்போஷரில் 1/8, 1/4 அளவுகளுக்குப் பெரிய திருத்தம் எதுவும் தேவையில்லை. ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தின் இடது ஓரம் சற்று உள்ளே நகர்ந்து நிற்பதைப் பார்த்து, வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து அப்பர்ச்சரை மூடிவிடாதீர்கள். அது வெளுத்த கருப்பு. கலர் கிரேடிங்கில் கர்வின் அடிப்பகுதியை மட்டும் கொஞ்சம் இறக்கினால் கருப்பு பழைய இடத்துக்கு வந்துவிடும், ஒளிவட்டமும் அப்படியே இருக்கும். மிஸ்ட் போட்ட ஃபுட்டேஜ் வெளிறியிருக்கிறது என்று வருந்துபவர்கள் பலர் இந்தக் கடைசிப் படியைச் செய்வதில்லை.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1860களிலேயே முகப்படங்களில் மென்மையான ஃபோகஸை வேண்டுமென்றே வைத்தார், அதற்காக அவர் வாங்கிய விமர்சனமும் கொஞ்சமல்ல. மௌனப்பட காலத்தில் ஒளிப்பதிவாளர்கள் லென்ஸுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணி கட்டினார்கள். சிலர் லென்ஸையே மென்மையாகப் படம்பிடிக்கும்படி செய்தார்கள்: ரோடன்ஸ்டாக் இமாகான், 1935-இல் வந்த லைக்காவின் தம்பார் 90 மி.மீ. போன்றவை. ஸ்பெரிக்கல் அபரேஷன் என்ற லென்ஸ் குறையைத் திருத்தாமல் விட்டு, அதையே அழகாகப் பயன்படுத்தியவை இவை. தம்பாரை லைக்கா 2017-இல் மறுபடி வெளியிட்டது. 1987-இல் கேனன் கொண்டுவந்த 135 மி.மீ. சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸில் மென்மையைக் கூட்டவும் குறைக்கவும் தனி வளையமே இருந்தது. இப்படிப்பட்ட லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூட மூட மென்மை மறைந்துபோகும். ஃபில்டரோ எந்த அப்பர்ச்சரிலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

வலைத்துணி இன்றும் வழக்கொழியவில்லை. மெல்லிய காலுறைத் துணியை இழுத்துப் பிடித்து லென்ஸின் பின்பக்கத்தில் ஒட்டும் ஒளிப்பதிவாளர்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் ஒட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. முன்னால் மாட்டும் ஃபில்டர்போல் இது ஜூமோடு சேர்ந்து பெரிதாகாது, ஏனென்றால் சிதறல் லென்ஸைத் தாண்டிய பிறகு நடக்கிறது. கருப்பு வலை கான்ட்ராஸ்டைக் காக்கும். வெள்ளை வலை நிழலை வெளுக்க வைக்கும். பிரகாசமான புள்ளிகளில் வலையின் இழைகளுக்கு ஏற்ப மெல்லிய நட்சத்திரக் கோடுகளும் வரும். ஆசையாக இருந்தால் முதலில் லென்ஸின் முன்பக்கத்தில் ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டிப் பாருங்கள். மிரர்லெஸ் கேமராவில் பின்பக்கம் ஒட்டினால் பசையோ இழையோ உதிர்ந்து ஷட்டரிலும் சென்சாரிலும் விழும் ஆபத்து இருக்கிறது, அனுபவமில்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

வாசலினும் பழைய வழிதான். சாதாரண யுவி ஃபில்டரின் ஓரங்களில் மெல்லப் பூசி, நடுவைத் துடைத்துவிட்டால் முகம் தெளிவாகவும் சுற்றுப்புறம் கரைந்தும் வரும். விரல் போன திசைக்குக் குறுக்கே ஒளிக்கோடுகள் நீளும் என்பதால் வட்டமாகப் பூசுவதா, நேராகப் பூசுவதா என்பதில் தோற்றமே மாறும். லென்ஸின் கண்ணாடியில் மட்டும் எதையும் பூசிவிடாதீர்கள். மிஸ்ட் வாங்குவதற்கு முன் உங்களுக்கு இந்தத் தோற்றம் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள இவையெல்லாம் நல்ல வழிகள். ஆனால் அடுத்த நாள் அதே அளவில் மறுபடி செய்ய முடியாது. தொடர் வேலைக்குக் கண்ணாடி ஃபில்டர்தான் வேண்டும்.

வாங்கும்போது: உங்களிடம் உள்ள லென்ஸ்களிலேயே பெரிய விட்டம் எதுவோ, 77 அல்லது 82 மி.மீ., அந்த அளவில் ஒன்று வாங்கி, மற்ற லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளுங்கள். அகல லென்ஸில் ஓரம் கறுக்காமல் இருப்பதற்கும் அது உதவும். ரிங் போட்டால் பழைய ஹுட் பொருந்தாமல் போகலாம், அதற்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வெளியில் வீடியோ எடுக்க, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவைப்படும். இரண்டையும் அடுக்கினால் கண்ணாடிப் பரப்புகள் கூடி, விளக்குகளின் பேய்ப்பிம்பங்கள் வர வாய்ப்பு அதிகம். அப்படி அடிக்கடி எடுப்பவர் என்டியும் மிஸ்டும் ஒரே கண்ணாடியில் வருவதை வாங்கலாம். வழக்கமாகப் போட்டுவைக்கும் யுவி ஃபில்டரின் மேல் மிஸ்டை மாட்ட வேண்டாம், யுவியைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடியில் விரல்ரேகை பட்டால் அதுவும் ஒரு டிஃப்யூஷனாகவே வேலை செய்யும், அதுவும் ஒழுங்கில்லாமல். ஊதித் தூசி நீக்கி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்த பிறகே மாட்டுங்கள்.

கையில் வந்ததும் ஒரு மாலை ஒதுக்கிச் சோதியுங்கள். ட்ரைபாடில் கேமரா, ஒருவர் முகம், பின்னால் ஒரு எரியும் விளக்கு, பக்கத்தில் ஒரு கருப்புத் துணி. வொயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட்டு, ஃபில்டர் இல்லாமல் ஒன்று, போட்டு ஒன்று என ஒவ்வொரு லென்ஸிலும் எடுங்கள். கேமராவின் சின்னத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே எப்போதும் விளைவு போதாததுபோல் தோன்றும், அடுத்த எண்ணுக்குப் போகச் சொல்லும். உங்கள் படங்களை மக்கள் எந்தத் திரையில் பார்ப்பார்களோ அதில் பாருங்கள். கருப்புத் துணி எவ்வளவு வெளுத்தது, கண்ணின் கூர்மை நின்றதா, நெற்றிப் பளபளப்பு என்ன ஆனது என்ற மூன்றையும் கவனியுங்கள்.

50 அல்லது 85 மி.மீ. லென்ஸில் முகப்படமும் நேர்காணலும் என்று சொல்கிறீர்கள். அதற்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், பின்னணியில் விளக்குகளும் பின்னொளியும் வைத்து எடுப்பவர் 1/8 பிளாக் மிஸ்ட் வாங்கட்டும். எளிய பின்னணியில், தோலைத் தணிப்பதே நோக்கம் என்றால் கிளாசிக் சாஃப்ட் அல்லது சாஃப்ட்-எஃப்எக்ஸ் வகையில் மிக மெல்லிய எண். 1/4-ஐ அகல லென்ஸ் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.